பிலோமினா மேடம் சொன்னால் புரியும்

செய்தி எனக்கு முதலில் வரவில்லை. அதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பிலோமினா மேடத்தின் தங்கை சேலத்திலிருந்து கூப்பிட்டது என் மனைவி கமலாவை. பணிக்காலம் முழுவதும் ஒரே கல்லூரியில், ஒரே துறையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து அவரோடு புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். என் எண் அந்தத் தங்கையிடம் இல்லை. கமலாவின் எண் இருந்திருக்கிறது. தருமபுரியில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் போனைக் கையில் பிடித்தபடி கமலா சொன்னாள்: "பிலோமினா அக்கா போயிட்டாங்களாமுங்க. சேலம் போறதுக்கு மொரப்பூர் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தாங்களாம். வண்டி வந்து நின்னுச்சாம், எந்திரிக்கவே இல்லையாம்." நான் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு யாரு சொன்னது?" என்பதுதான். எப்போது, எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வாயில் வந்தது.

அடக்கம் மொரப்பூர் பக்கத்தில் அவருடைய சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. பழைய மாணவர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். கணக்கெடுப்புக்காக அவரோடு வீடு வீடாக ஏறி இறங்கிய பெண்கள், கூலி வேலையை விட்டுவிட்டு வந்து வெயிலில் நின்றார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் குடை பிடிக்காமல் நின்றார். மொரப்பூர் பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். கூட்டத்தைப் பார்த்தால் எவ்வளவு பேர் என்று மதிப்பிடுவது என் தொழில். அன்று வேண்டுமென்றே மதிப்பிடவில்லை. நான் போனால் இதில் பாதியாவது வருமா என்று ஒரு நினைப்பு வந்தது, உடனே வயிறு எரிந்தது. பெட்டியில் கிடப்பவரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள் அந்தத் தோட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

இதைப் படிக்கப்போகும் நீங்கள் பெரும்பாலும் அவருடைய மாணவர்கள். என்னுடைய மாணவர்களும்தான், ஆனால் அப்படி யாரும் சொல்லிக்கொள்வதில்லை. நினைவு மலருக்கு நான் கட்டாயம் எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். அவருடைய அன்பையும் பொறுமையையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் முனைவர் பட்டத்தோடு வந்தேன்; அவர் அதை முடிக்காமல் வந்தார், கடைசிவரை முடிக்கவும் இல்லை. அவருடைய குடும்பம் மானாவாரி நிலத்தில் நிலக்கடலை போடும் குடும்பம். அறுவடைக் காலத்தில் ஒரு தூக்குப்போசி நிறைய வேகவைத்த கடலை துறைக்கு வரும். என் வகுப்பில் மின்விசிறி சுற்றும் சத்தம் தெளிவாகக் கேட்கும். அவர் வகுப்பிலிருந்து வரும் சிரிப்பு, சுவரைத் தாண்டி என் வகுப்புக்கும் கேட்கும். என் மாணவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இத்தனைக்கும் அவருக்கு இயற்கணிதம் அவ்வளவாக வராது. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே எல்லோரிடமும் சொன்னதுதான். நிரூபணம் எழுதிய தாளோடு என் மேசைக்கு வருவார். "சார், இந்த நாலாவது வரியில இருந்து அஞ்சாவது வரிக்கு எப்படி எறங்குனீங்க? எனக்குப் படிக்கட்டே தெரியலைங்க." நான் சொல்லிக்கொடுப்பேன். மறுநாள் அதையே அவர் வகுப்பில் சொல்வார், பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். நான் மொத்த வியாபாரி, அவர் சில்லறை வியாபாரி என்று கமலாவிடம் சொல்லிப் புலம்புவேன். "சில்லறைக்காரங்ககிட்டதான் ஜனங்க நின்னு பேசுவாங்க" என்று அவள் அவர் பக்கம் சேர்ந்துகொள்வாள். சிக்மா எழுத்தை நத்தை மாதிரி வரைவார். என்னிடம் இரவல் வாங்கிய குடையை ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை. எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தும் அவரைத்தான் எல்லோருக்கும் பிடித்தது.

துறைக்கு வெளியே இருப்பவர்களும் படிப்பீர்கள் என்பதால் ஒன்றை விளக்க வேண்டும். கணக்கெடுப்பில் எல்லா வீட்டுக்கும் போக முடியாது. சில ஊர்களைத் தேர்ந்து, அந்த ஊர்களில் சில வீடுகளைக் கேட்டு, அதிலிருந்து மொத்த மாவட்டத்துக்கும் ஒரு விடை சொல்கிறோம். வேறு ஊர்களும் வேறு வீடுகளும் அமைந்திருந்தால் அந்த விடை எவ்வளவு மாறியிருக்கக்கூடும் என்பதற்கான அளவே திட்டப் பிழை. நான் சொன்னால் இப்படித்தான் இருக்கும். பிலோமினா மேடம், "உங்க பதில் எவ்வளவு ஆடும்னு சொல்றதுதான் சார் ஸ்டாண்டர்ட் எரர்" என்று முடித்துவிடுவார்.

என் மகள் கல்யாணம் நல்லம்பள்ளியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மண்டபத்தின் பின்புறம் வரிசையாக அடுப்பு மூட்டி அண்டா அண்டாவாகச் சோறு வெந்துகொண்டிருந்தது. பந்தி போடுவதற்கு முன்னால் பெண்ணின் தகப்பனைக் கூப்பிட்டுப் பதம் காட்டுவது சமையல்காரரின் வழக்கம். அவர் முதல் அண்டாவிலிருந்து ஒரு சோற்றை எடுத்து நீட்டினார். விரலில் வைத்து நசுக்கிப் பார்த்தேன், பூவாக வெந்திருந்தது. "பந்தி போடுங்க" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டாரை அழைக்கப் போய்விட்டேன். மற்ற அடுப்புகளில் ஈர விறகு. இரண்டாம் பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி வீட்டார் அரிசியைக் கடித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த பிலோமினா மேடம் கரண்டியோடு என்னிடம் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "சார், ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். ஒத்துக்கறேன். வேற வேற அடுப்புல வெந்த இத்தன அண்டாவுக்கும் அந்த ஒரு சோறு பதமுங்களா?" மாதிரியெடுப்பு பற்றிய முதல் வகுப்பில் நான் ஆண்டுதோறும் சொல்லும் பழமொழி அது. அடுத்த அண்டாவைப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சம்பந்தியின் முகத்தைவிட அதுதான் எனக்கு அன்று உறுத்தியது.

இனி அந்தக் கணக்கெடுப்புக்கு வருகிறேன். பெற்றவர்கள் கட்டட வேலைக்காகப் பெங்களூர்ப் பக்கம் போய்விடுவதால் படிப்பை நிறுத்தும் பிள்ளைகளுக்கு ஒரு தங்கும் விடுதி கட்ட ஓர் அறக்கட்டளை முன்வந்தது. ஒரே ஒரு விடுதிதான். அதை நல்லம்பள்ளிப் பக்கம் கட்டுவதா, பாப்பாரப்பட்டிப் பக்கம் கட்டுவதா என்பது கேள்வி. எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் அதிகமாகப் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் ஆலோசகராக மேடத்தை வைத்தார்கள். கணக்கைச் சரிபார்க்க என்னையும் அழைத்தார்கள். என் சொந்த ஊர் நல்லம்பள்ளிக்கு அந்தப் பக்கம். விடுதிக்கு இடம் தருகிறேன் என்று என் அண்ணன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும், பள்ளிக்குப் போகாமல் ஆடு மேய்க்கும் பிள்ளைகளையும் அவர் தினமும் பார்க்கிறவர்.

அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் அருண், சென்னைக்காரர், கெட்டிக்காரர். அவர் முதல் அறிக்கையைத் தயார்செய்து துறைக்குக் கொண்டுவந்தார். நல்லம்பள்ளிப் பக்கம்தான் அதிகம், சந்தேகமே இல்லை என்றது அறிக்கை. திட்டப் பிழை இருந்தும் இல்லாத மாதிரி, அவ்வளவு சிறியது. அந்தத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கும் மேடத்துக்கும் ஒன்றாகவே தெரிந்துவிட்டது. பிற்காலத்தில் மேடம்தான் கண்டுபிடித்தார் என்று கதை ஆகிவிட்டதால் இதை அழுத்தி எழுதுகிறேன்: இருவருக்கும் ஒன்றாகவே தெரிந்தது. கணக்கெடுப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எடை உண்டு. கேட்ட ஒரு வீடு, கேட்காத எத்தனை வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது என்பதே அந்த எடை. விடை சரியாக வருவதற்கு எடை வேண்டும். அருண் எடையைக் கொடுத்த விதத்தில், கணினி அதை நேரில் போய்க் கேட்ட வீடுகளின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டது. போதாததற்கு, வீடுகள் ஊர் ஊராகத் திரட்டப்பட்டவை என்பதையும் அதனிடம் யாரும் சொல்லவில்லை.

நான் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊருக்கு ஊர் விடை எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்து, அதிலிருந்து பிழையைக் கணக்கிட்டேன். அவருடைய வழி வேறு. ஓர் ஊரை முழுதாக நீக்கிவிட்டு, மற்ற ஊர்களின் எடையை அதற்கேற்ப ஏற்றி, விடையைத் திரும்பக் கணக்கிடுவார். பிறகு அந்த ஊரைச் சேர்த்துவிட்டு அடுத்த ஊரை நீக்குவார். இப்படி எல்லா ஊரையும் ஒரு சுற்று நீக்கிப் பார்த்து, விடை எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து பிழையை எடுப்பார். புத்தகத்தில் உள்ள முறைதான். எனக்கு அது சலிப்பூட்டும் வேலை. மாலையில் இருவரும் தாளை நீட்டினோம், இரண்டு விடையும் ஒன்றாக இருந்தன. "ரெண்டு பேருக்கும் ஒண்ணா வந்தாத்தான் சார் நான் வாயத் தொறப்பேன்" என்றார். எல்லாக் கணக்கிலும் அவர் அப்படித்தான். என் விடையைக் கேட்காமல் எந்த மேடையிலும் ஏறியதில்லை. மேடையில் என் பெயரைச் சொன்னதும் இல்லை.

விடுதிக்கு இடத்தை முடிவுசெய்ய நடந்த கூட்டத்தில் அதிகாரிகளும் அறக்கட்டளைக்காரர்களும் முன்னால் இருந்தார்கள். இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் பின்னால் இருந்தார்கள், அவர்களில் என் அண்ணனும் ஒருவர். மூத்தவன் என்பதால் நான் முதலில் பேசினேன். பலகையில் சூத்திரத்தை எழுதினேன். மூன்றாவது வரி எழுதும்போதே, முடிவெடுக்க வேண்டிய அதிகாரி செல்போனை எடுத்துவிட்டார். மேடம் எழுந்து, "சார் சொன்னதத்தானுங்க நானும் சொல்லப்போறேன்" என்று தொடங்கினார். அதன்பிறகு நான் சொன்ன எதையும் சொல்லவில்லை.

"இந்த மெஷினுக்கு நாம எடை குடுத்தோமுங்க. அது என்ன நெனச்சுக்கிச்சுன்னா, மாவட்டத்துல இருக்கற அத்தன வூட்டுக்கும் நாம போயிக் கதவத் தட்டிட்டோம்னு நெனச்சுக்கிச்சு. அதான் அவ்வளவு தைரியமாப் பேசுது. நாம போனது கொஞ்சம் வூடுதானுங்க. அந்தக் கொஞ்சத்துலயும் ஒண்ணு இருக்குது. ஒரு ஊருக்கு மேஸ்திரி லாரி கொண்டாந்தார்னா பாதி ஊரு கெளம்பிருது. அந்த ஊர்ல எத்தன வூட்டக் கேட்டாலும் ஒரே கதைதான். அது அத்தன பதில் ஆவாதுங்க. ஒரே அண்டாவுல கைய வுட்டு வுட்டுப் பாக்கற மாதிரி."

பிறகு என் மகள் கல்யாணக் கதையைச் சொன்னார். பெண்ணின் தகப்பன் யார் என்பதையும் சொன்னார். கூடமே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது என் அண்ணன்.

சிரிப்பு அடங்குவதற்குள் அருணின் கணினியில் ஓர் ஊரை நீக்கிக் காட்டினார். லாரி வந்துபோன ஊர் அது. நல்லம்பள்ளிக்கும் பாப்பாரப்பட்டிக்கும் இடையிலிருந்த வித்தியாசம் திரையில் ஒன்றுமில்லாமல் ஆனது. "பாருங்க, ஒரு ஊரு லீவு போட்டாலே மாறிப்போற முடிவுங்க இது. இத நம்பிக் கட்டடம் கட்டலாமுங்களா?"

"அப்போ எந்தப் பக்கம்தான் மேடம் அதிகம்?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாதுங்க."

மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். முகத்தில் கூச்சம் கிடையாது, குரலில் தயக்கம் கிடையாது. "இன்னும் நெறைய ஊருக்குப் போவணுமுங்க. ஊருக்குக் கொஞ்சம் வூடு போதும். ஊருதான் அதிகம் வேணும்." அதிகாரி தலையாட்டி, அப்படியே செய்யச் சொல்லிவிட்டார். என் சூத்திரம் பலகையிலேயே இருந்தது. கூட்டம் கலைந்ததும் நானே அழித்தேன்.

பேருந்து நிலையம்வரை அண்ணனும் என்னோடு நடந்து வந்தார். பஸ் ஏறும் முன் சொன்னார்: "அந்தம்மா சொல்றது நாயந்தான்டா. நாயத்த வெச்சுக்கிட்டு நம்ம புள்ளைங்க என்ன பண்ணும்? வூடு தேடி வந்தத நிறுத்திப்புட்டாங்களே." அவருக்கு மேடத்தின்மேல் அன்றிலிருந்து ஒரு மனத்தாங்கல். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அவரைப் பிடிக்காத ஆள் ஒருவராவது என் குடும்பத்தில் இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

மறுநாள் துறையில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "என் வூட்டுச் சோத்த ஊர் பூரா பரிமாறிட்டீங்க மேடம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க கணக்கு பக்கத்துல இருக்குதுன்னுதான் சார் அவ்வளவு தைரியமாப் பேசுனேன். தப்புன்னா நீங்க என்ன வுட்டுருப்பீங்களா?" என்றார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் போய்க் கமலாவிடம் நியாயம் கேட்டேன். எனக்கும் அவருக்கும் ஒரே விடை, நான்தான் முதலில் பேசினேன், பெயர் அவருக்கு என்றேன். "நீங்க பேசுனது யாருக்காவது புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள். குடத்திலிட்ட விளக்கு, குன்றிலிட்ட விளக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அன்று குடத்துக்குள்ளிருந்து அதை நன்றாக உணர்ந்தேன்.

அவர் கேட்டபடி அதிக ஊர்களுக்குப் போனார்கள். விவரமெல்லாம் வந்து சேர்ந்து, அவர் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மொரப்பூர் ஸ்டேஷனில் அது நடந்தது.

அடக்கம் முடிந்த சில நாளில் அருண் என் வீட்டுக்கு வந்தார். "மேடம் இடத்துல இனிமே நீங்கதான் சார் இருக்கணும். அறிக்கையில உங்க பேரு முதல்ல வரும்" என்றார். எத்தனையோ ஆண்டுகள் நான் மனத்துக்குள் உட்கார்ந்து பார்த்த நாற்காலி அது. இந்தமுறை அருண் பழைய தவறைச் செய்யவில்லை. எல்லா எடைகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, அவற்றின் கூட்டுத்தொகை உண்மையில் கேட்ட வீடுகளின் எண்ணிக்கைக்குச் சமமாகும்படி செய்திருந்தார். "இனி மெஷின் ஏமாறாது சார்" என்றார். பாதி சரி. இல்லாத வீடுகளைப் பார்த்ததாக அது இப்போது நினைக்காது. ஆனால் பார்த்த வீடுகள் ஊர் ஊராக ஒரே கதையைச் சொல்பவை என்பதை இப்போதும் அதனிடம் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் பிழை நம்பும்படியான அளவில் இருந்தது. நல்லம்பள்ளிப் பக்கம்தான் அதிகம் என்று தெளிவாகவே வந்திருந்தது.

அன்று மாலையே அண்ணன் கூப்பிட்டார். "நம்ம பக்கந்தானாமே. அருண் தம்பி சொல்லுச்சு. நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதாம்." போடலாம்தான். நாற்காலி என்னுடையது, விடுதி என் ஊருக்கு, ஆடு மேய்க்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். கணக்கில் குறை இருக்கிறது என்று கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் மொரப்பூர் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார். இதையெல்லாம் நான் நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். ஊர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைச் சேர்த்ததும் பிழை பெரிதானது. முதல் கணக்கெடுப்பில் இருந்ததைவிடக் குறைவுதான். விடை எங்கள் பக்கம் சாய்ந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பழக்கத்தில் தாளைக் கையில் எடுத்துக்கொண்டேன், நீட்டுவதற்கு எதிரில் ஆள் இல்லை. எனவே எனக்குப் பிடிக்காத அவருடைய வழியில், ஒவ்வோர் ஊராக நீக்கியும் போட்டுப் பார்த்தேன். கடைசி ஊர் முடிந்தபோது இரண்டு விடையும் ஒன்றாக நின்றன. சமையலறைக்குப் போய், "ஒண்ணா வந்துருச்சு" என்று கமலாவிடம் சொன்னேன். எது என்று அவள் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதே கூடத்தில் கூட்டம் நடந்தது, அதே அதிகாரி. நான் எழுந்து பேசினேன். எடையைச் சுருக்கினால் மட்டும் போதாது, தேர்வு ஊர்வாரியாக நடந்திருக்கிறது, மாறுபாட்டை ஊர்களுக்கிடையே அளக்க வேண்டும் என்றேன். அண்டாவைச் சொல்லியிருக்கலாம். என் வீட்டு அண்டாதான். ஆனாலும் அவர் வாயிலிருந்து வந்த பிறகு அதை எடுக்கக் கை வரவில்லை. கூடத்தில் மின்விசிறியின் சத்தம் கேட்டது.

"சுருக்கமா சொல்லுங்க சார். எந்தப் பக்கம் அதிகம்?"

"தெரியாது" என்றேன். சொல்லிவிட்டு அதிகாரியைப் பார்க்காமல் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு பொதுக் கூட்டத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவருடைய உவமைகளையும் சிரிப்பையும் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு கடினமான ஒன்றை அவர் எவ்வளவு லேசாகச் செய்தார் என்று தெரிந்ததும் பொறாமை இன்னும் அதிகமாயிற்று.

"ரெண்டாவது தடவையும் தெரியாதா?" அதிகாரி பேனாவை மூடினார்.

"நல்லம்பள்ளிப் பக்கம் சாயுது. சாயறத வெச்சு முடிவு சொல்ல முடியாதுங்க. ஆட்டம் கொறஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் ஊர் பார்த்தா சொல்லிடலாம். இந்த அறிக்கையில நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பின்வரிசையிலிருந்து என் அண்ணன் எழுந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"டேய் மாணிக்கம், நீ சொல்றது எனக்கு ஒண்ணும் வெளங்கலடா. அந்தம்மா இருந்திருந்தா வெளங்கற மாதிரி சொல்லியிருப்பாங்க."

கூடத்தில் பலர் தலையாட்டினார்கள். இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் ஒன்றுபோலத் தலையாட்டியது அன்று அதற்கு மட்டும்தான்.

"ஆமாண்ணா" என்றேன். "சொல்லியிருப்பாங்க."

அண்ணன் விடவில்லை. "அந்தம்மா இருந்திருந்தா இதையேதான் சொல்லியிருப்பாங்களா?"

"இதையேதான்."

"அப்பச் சரி" என்றார். அதிகாரியைப் பார்த்து, "இன்னும் ஊருங்களப் பாத்துட்டே கட்டுங்க சார். எடம் எங்க போவுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாப்பாரப்பட்டிக்காரர் ஒருவர், "அந்தம்மா சொன்ன மாதிரினா எங்களுக்கும் சரிங்க" என்றார். அதிகாரி பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார். கணக்கு என்னுடையது, கையெழுத்து மறுத்தது நான், தெரியாது என்று சொன்னதும் நான். நம்பியது அவரை. மண்ணுக்குள் போன பிறகும் கூட்டத்தை அவரேதான் முடித்துவைத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வயிறு எரிந்தது. அவர் எதிர் மேசையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்த நாட்களில் எரிந்த அதே எரிச்சல், ஒரு சொட்டும் குறையவில்லை. அப்போதுதான், அவர் போன செய்தி வந்த நாளிலிருந்து வராத அழுகை வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்டார், தூசி என்று நினைத்துவிட்டார்.

அவரிடமிருந்து நீங்கள் ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்து வைத்திருப்பீர்கள். அவருடைய பேச்சு, சிரிப்பு, தைரியம், ஊர் ஊராக நீக்கிப் பார்க்கும் வழி என்று எல்லாவற்றையும் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்வது இந்தப் பொறாமையை. அவருக்காக அழுவதற்கு மாவட்டமே இருக்கிறது. அவர்மேல் பொறாமைப்படும் அளவுக்கு அவரை அருகிலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்த இடத்தை வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.